தோளுக்கு வெர்னா, வயிற்றுக்கு ஹாஸ்கெல்

கலிபோர்னியாவில் லோன் ஓக் ஊர் ஆண்கள் தங்கள் உடம்பைப் பாகம் பிரித்து வைத்திருந்தார்கள். தோள், முதுகு, இடுப்பு, முழங்கால் என்றால் டாக்டர் வெர்னா ப்ரூயிட். வயிறு, நெஞ்சு, காய்ச்சல் என்றால் டாக்டர் ஹாஸ்கெல். யார் பிரித்தது, எப்போது பிரித்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சொத்துப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி வேலி தாண்டாத மாதிரி அதில் அத்தனை கறாராக இருந்தார்கள்.

பெண்களுக்கு இந்தக் கிறுக்கு கிடையாது. பிள்ளைப்பேறு, குழந்தைக்கு அம்மை, பித்தப்பைக் கல், எதுவானாலும் நேரே வெர்னாவிடம்தான் போவார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை. அந்தப் பிள்ளைகளின் அப்பன்மார்தான் வயிறு வலித்தால் தொப்பியை மாட்டிக்கொண்டு, அவள் வாசலைக் கடந்து, ஹாஸ்கெல் வீட்டுக்குப் போவார்கள். போகிற போக்கில் அவளுக்குக் கையசைத்து வணக்கம் வேறு சொல்வார்கள். வெர்னாவுக்கு எரிச்சலாக வரும்.

அவள் வாங்கியது டி.ஓ. பட்டம், அவர் வாங்கியது எம்.டி. பட்டம். படித்த வருஷங்கள் ஒன்று, மருந்துகள் ஒன்று, அறுத்துப் பார்த்த பிணங்களும் ஒன்றுதான். மிசௌரியில் கிர்க்ஸ்வில் கல்லூரியில் வெர்னா படித்தபோது அதற்கு மேலும் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். உடம்பைக் கையால் அறிவது. எலும்பும் தசையும் எங்கே இறுகியிருக்கின்றன என்று விரலால் தேடிக் கண்டுபிடித்து இளக்குவது. ஆஸ்டியோபதி என்று அதற்குப் பெயர். அந்த உபரிப் படிப்பே அவளுக்கு வினையாயிற்று. ஒரு பாடம் கூடப் படித்தவளை ஒரு பாடம் குறைத்துப் படித்தவள் என்று நாடே நம்பியது. 'எலும்பு முறுக்கி' என்று அவள் காதுபடவே சொல்வார்கள்.

உங்களுக்கும் ஹாஸ்கெலுக்கும் என்ன வித்தியாசம் என்று கலிபோர்னியாவுக்கு வந்த நாளிலிருந்து அவளைக் கேட்காத ஆள் இல்லை. ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தாள். பீச் பழத் தோட்டக்காரன் கேட்டால், "என் மேஜை கொஞ்சம் நீளம்" என்பாள். பாதிரியார் கேட்டால், அவர் நாக்கை நீட்டச் சொல்வார், நான் நாக்கைப் பார்த்துவிட்டுச் சட்டையையும் கழற்றச் சொல்வேன் என்பாள். பாதிரியார் அப்புறம் கேட்டதில்லை.

இனி ஒரு மருந்துக்கடை விஷயம். அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எம்.டி.க்கள் டி.ஓ.க்களோடு நோயாளியைப் பற்றிப் பேசக்கூடாது என்று மாவட்ட வைத்தியர் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. பேசினால் சங்கத்தை விட்டு விலக்கிவிடுவார்கள். ஊரிலோ இருந்தது இரண்டே டாக்டர்கள். ஒரே காய்ச்சல் இரண்டு பேர் வாசலுக்கும் வரும். என்ன செய்வது? வஹான் சார்கிசியன் என்கிற ஆர்மீனியர் பெரிய தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். கடையில் ஒரு நீளமான மேடை, வரிசையாக ஸ்டூல்கள், காபி, ஆப்பிள் கேக் எல்லாம் உண்டு. காலை பத்து மணிக்கு ஹாஸ்கெல் மேடையின் அந்தக் கோடியில் உட்காருவார். வெர்னா இந்தக் கோடியில் உட்காருவாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள். ஹாஸ்கெல் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, சார்கிசியன், ஒருத்தனுக்கு உள்ளங்கையில் மட்டும் தடிப்பு வருகிறது என்றால் என்னவாக இருக்கும் என்று கேட்பார். வெர்னா சர்க்கரை ஜாடியைப் பார்த்தபடி, மிஸ்டர் சார்கிசியன், நானாக இருந்தால் அவனுடைய ரத்தத்தைச் சோதிக்க அனுப்புவேன் என்பாள். சார்கிசியன் நடுவில் நின்று கோப்பை துடைப்பார். இருபது வருஷத்துக்கு மேல் லோன் ஓக்கின் பெரிய நோய்களுக்கெல்லாம் அவர் தலைக்கு மேலேதான் மருந்து முடிவாயிற்று. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நடந்தது.

ஆஸ்பத்திரி கதை வேறு. மாவட்ட ஆஸ்பத்திரியில் டி.ஓ.க்களைப் படியேற விடமாட்டார்கள் என்பதால், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சுற்றுவட்டாரத்து டி.ஓ.க்கள் ஐந்து பேர் சேர்ந்து, லோன் ஓக்கில் உலர்திராட்சை மூட்டை கட்டிவந்த பழைய கொட்டகை ஒன்றை வாங்கி ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். வெர்னா அதன் தரையை முழங்காலில் உட்கார்ந்து தேய்த்தாள். எத்தனை தேய்த்தும் முதல் வருஷம் பிரசவ அறையில் திராட்சை வாசனை போகவில்லை. அறுவை மேஜைக்கு மேலே தொங்கிய பெரிய விளக்கைச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாரியில் ஏற்றி வந்தவன் க்ளைட் ரென்னர். அவன் அவளோடு கிர்க்ஸ்வில்லில் ஒரே பெஞ்சில் படித்தவன். வட்டாரத்திலேயே நல்ல அறுவை வைத்தியன். வெள்ளிக்கிழமை தோறும் அவனுக்கு இரவுச் சாப்பாடு வெர்னா வீட்டில்தான். அவள் புருஷன் ஹார்லனோடு சீட்டு விளையாடித் தோற்றுவிட்டுப் போவான்.

1962 ஜூலையில் எல்லாவற்றையும் மாற்றிய ஒரு சனிக்கிழமை வந்தது. கலிபோர்னியாவில் இருந்த டி.ஓ. சங்கமும் எம்.டி. சங்கமும் கைகோத்துக்கொண்டன. லாஸ் ஏஞ்சலீஸ் போய் ஒரு சிறு கட்டணம் கட்டினால் டி.ஓ. பட்டத்துக்குப் பதில் எம்.டி. பட்டம் கையில் கொடுப்பார்கள். புதுப் படிப்பு இல்லை, பரீட்சை இல்லை. நேற்றுவரை போலி வைத்தியம் என்று எதைச் சொன்னார்களோ அது ஒரு காகிதத்தில் அசல் ஆகிவிடும். இரண்டாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இனிமேல் புதிதாக எந்த டி.ஓ.வுக்கும் மாநிலத்தில் உரிமம் கிடையாது என்று நவம்பரில் ஜனங்களும் ஓட்டுப் போட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை க்ளைட் சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தான்.

"ஒரு சனிக்கிழமை, வெர்னா. போறோம், வாங்கறோம், வர்றோம். திங்கட்கிழமை அதே நோயாளி, அதே ஊசி. உனக்கு என்ன குறைஞ்சு போயிடப் போகுது?"

"இத்தனை வருஷம் நீ பார்த்த வைத்தியத்துக்கு யாரு பேரு போடுவாங்க, க்ளைட்? அதையெல்லாம் எவன் பண்ணினான்னு கேட்டா என்ன சொல்லுவே?"

வீம்புக்குப் பேசுகிறாய் என்றான் அவன். வீம்புதான் என்றாள் அவள். ஹார்லன் சீட்டுக்கட்டை எடுத்துக் கலைக்க ஆரம்பித்தார். அன்றைக்கு யாரும் விளையாடவில்லை.

க்ளைட் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தான். மற்ற மூன்று பேரும் போனார்கள். வெர்னா போகவில்லை. அவள் வாசல் பலகையில் 'வெர்னா ப்ரூயிட், டி.ஓ.' என்று இருந்ததைப் பெயின்டரை வரவழைத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொன்னாள். அவள் சுபாவம் அப்படி.

அடுத்த மாதமே ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடியது. மாநில அங்கீகாரம் வேண்டுமானால் எல்லா டாக்டர்களும் எம்.டி.யாக இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். பலன் என்ன? அந்தக் கட்டடத்தில் அதுவரை காலே வைக்காத ஹாஸ்கெலுக்குச் சாவி கிடைத்தது. தரை தேய்த்தவளுக்குக் கதவு சாத்தப்பட்டது. இனி நோயாளியைச் சேர்க்க வேண்டுமானால் ஒரு எம்.டி.யின் வாய்வார்த்தை வேண்டும். அவள் தன் நோயாளியை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, பார்வை நேரத்தில் பூங்கொத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போகலாம். கதையில் இந்த இடத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெர்னா அழவில்லை, வழக்கும் போடவில்லை. மாதம் ஒருமுறை கமிட்டி கூடும்போது போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். கடைசியாக, வேறு ஏதாவது உண்டா என்று தலைவர் கேட்டவுடன் எழுந்து, என்னை டி.ஓ.வாகவே உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வாள். தலைவர் லெஸ்டர் வுட்ரஃப், பீச் பழம் டப்பாவில் அடைக்கும் ஆலைக்காரர். மனுஷர் கெட்டவர் இல்லை. பரிசீலிப்போம் என்பார். அவள் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவாள். அடுத்த மாதம் அதே நாற்காலியில் வந்து உட்காருவாள்.

இதில் அவளை உண்மையாகவே அறுத்தது க்ளைட். எம்.டி. ஆன பிறகு அவனும் மருந்துக்கடைக்கு வர ஆரம்பித்தான். ஹாஸ்கெலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். புதிதாக மாறினவன் அல்லவா, பழைய எம்.டி.யைவிட அவனுக்குச் சங்கத்தின்மேல் பயம் அதிகம். அவனைப் போல் மாறியவர்களைச் 'சின்ன எம்.டி.' என்று பழைய எம்.டி.க்கள் முதுகுக்குப் பின்னால் கேலி செய்வதும் அவன் காதுக்குப் போயிருந்தது. முதல் வாரமே காபியைக் கலக்கிக்கொண்டு, சார்கிசியன், ஒரு அம்மாவுக்கு மூன்றாவது பேறு, முந்தின பேறு எப்படி இருந்தது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டான். அந்தப் பேற்றைப் பார்த்தவள் வெர்னா. அது அவனுக்குத் தெரியும்.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி அவன் அருகில் வந்து நின்றாள்.

"ஹாஸ்கெல் என்கூடப் படிச்சுப் பழகின ஆள் இல்லை, அவர் அப்படிப் பேசலாம். நீ என்கிட்ட கேக்கறதா இருந்தா என் மூஞ்சியைப் பார்த்துக் கேளு. இல்லேன்னா கேக்காதே."

அவன் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் நின்றது. வெர்னா மருந்துக்கடைக்குப் போவதையே விட்டாள். ஹார்லன் சீட்டுக்கட்டை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.

அடுத்த வருஷம் ஏப்ரல். பீச் மரங்களில் பிஞ்சுகளை உதிர்த்துக் குறைக்கிற பருவம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதெலினோ போர்பா, வெர்னாவின் கிளினிக்குக்கு வந்தான். ஊருக்கு மேற்கே மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் போர்த்துகீசியன்; இருநூறு கறவை மாடுகள். வாயைத் திறந்தால் மாட்டைப் பற்றி மட்டும் பேசுவான். அவன் மனைவி பிலோமினாதான் பிக்கப்பை ஓட்டி வந்திருந்தாள். இடது தோள் வலி என்றான். நேற்று ராத்திரி ஆரம்பித்தது, படுத்தால் கூடுகிறது, ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள் டாக்டரம்மா, மத்தியானம் பால் கறக்கணும் என்றான்.

வெர்னா அவனை மேஜையில் உட்காரவைத்துக் கையைப் பிடித்தாள். தோளைத் தூக்கினாள், சுழற்றினாள், பின்னுக்கு மடக்கினாள். கை தொட்டிலில் கிடக்கிற குழந்தைக் கை போல எங்கே கொண்டுபோனாலும் போயிற்று. மூட்டைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள். கழுத்தெலும்பு, தோள்பட்டை, கழுத்து, ஒன்றிலும் இறுக்கம் இல்லை. எங்கே அழுத்தினாலும் வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. இருபத்தைந்து வருஷமாகத் தோள்களைத் தொட்ட விரல்கள் அவை. தோளில் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தோளில் ஒன்றுமில்லாமல் தோள் ஏன் வலிக்கிறது?

அவன் நெற்றி வியர்த்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. நாடியைப் பிடித்தாள். அது ஓடு ஓடென்று ஓடியது. சட்டையைக் கழற்றச் சொன்னாள். எதுக்கு, தோள்தானே என்று அவன் தயங்கினான். பிலோமினா பொத்தானைப் பிய்க்காத குறையாகச் சட்டையை உருவினாள். இடது விலாவுக்குக் கீழே அகலமாகத் துணிக்கட்டு போட்டிருந்தது.

"இது என்ன?"

"அது ஒண்ணுமில்லீங்க. செவ்வாக்கிழமை ஒரு மாடு உதைச்சுது. ஹாஸ்கெல் பார்த்துக் கட்டுப் போட்டுட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"அது வயிறுங்களே, டாக்டரம்மா. அது அவரு சமாச்சாரம்."

தோள் வலியை ஹாஸ்கெலிடம் சொன்னாயா என்று கேட்டாள். அது எப்படிச் சொல்வேன், தோள் உங்கள் சமாச்சாரமாச்சே என்றான். நேர்மையான மனுஷன். இரண்டு டாக்டர்களுக்கும் துரோகம் செய்யாமல், இரண்டு பேரிடமும் ஆளுக்குப் பாதியைச் சொல்லிவிட்டு, முழுசாகச் சாகப் போய்க்கொண்டிருந்தான்.

கட்டை அவிழ்த்து இடது விலாவுக்கு அடியில் கையை வைத்தாள். வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. மாட்டின் குளம்பு உதைத்தது மண்ணீரல் இருக்கும் இடத்தில். அன்றைக்கு அதில் கீறல் விழுந்திருக்க வேண்டும். இத்தனை நாள் தன் உறைக்குள்ளேயே தேங்கி நின்ற ரத்தம் நேற்று ராத்திரி உடைத்துக்கொண்டு வயிற்றுக்குள் கசிய ஆரம்பித்திருக்கிறது. அது மேலேறி, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையைத் தொட்டால் வலி இடது தோளில்தான் தெரியும். தோளுக்கும் அந்தத் தசைக்கும் நரம்பு ஒன்று. வயிற்றை மட்டும் பார்த்தவருக்கு அது வெறும் ரத்தக்கட்டு. தோளை மட்டும் பார்த்தால் வெறும் சுளுக்கு. சேர்த்துப் பார்த்தால் மரணம். வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்தாக வேண்டும், அதுவும் உடனே.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மேற்பார்வை நர்ஸ் மிஸ் டன்லப் மரியாதையாகவே பேசினாள். டாக்டர் ரென்னரோ டாக்டர் ஹாஸ்கெலோ சொல்லட்டும், கட்டில் தயாராக இருக்கும் என்றாள். இரண்டு பேரும் எங்கே என்று கேட்டதற்கு, மணி பத்தாகிறதே என்றாள். ஃப்ரெஸ்னோ நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு மணி நேரம் ஆகும். அதற்கு இவன் தாங்கமாட்டான்.

போர்பாவைத் தன் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, தலையைப் பிலோமினா மடியில் ஏற்றினாள். மருந்துக்கடைக்குப் போன் பண்ணலாம் என்று தோன்றியது. வேண்டாம் என்று விட்டாள். போனில் மறுப்பது சுலபம். தன் முகத்தைப் பார்த்து மறுக்கட்டும், பார்க்கலாம் என்று காரை எடுத்தாள்.

கடையில் கூட்டமில்லை. அந்தக் கோடியில் ஹாஸ்கெலும் க்ளைட்டும் உட்கார்ந்திருந்தார்கள். சார்கிசியன் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார். வெர்னா தன் பழைய ஸ்டூலுக்குப் போகவில்லை. நேரே அவர்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் போய் நின்று, க்ளைட்டின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: போர்பா காரில் கிடக்கிறான், மாடு உதைத்தது, மண்ணீரல் உடைந்து ரத்தம் போகிறது, நீ அறுக்கணும்.

க்ளைட்டின் முகம் சிவந்தது. ஹாஸ்கெலை ஒரு பார்வை பார்த்தான். ஹாஸ்கெல்தான் மாவட்டச் சங்கத்தின் தலைவர். பிறகு அவன் கழுத்து மெல்லத் திரும்பியது, சார்கிசியன் பக்கம்.

"மிஸ்டர் சார்கிசியன், அந்த ஆளை டாக்டர் ஹாஸ்கெல் செவ்வாக்கிழமையே பார்த்துட்டாரு. வெறும் ரத்தக்கட்டுன்னு—"

சார்கிசியன் துடைத்த கோப்பையை வைத்தார். துணியை மடித்து அதன் பக்கத்தில் வைத்தார். முன்கட்டுத் துணியின் முடிச்சை அவிழ்த்தார். மேடைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, மூவரையும் கடந்து, வாசலுக்குப் போனார். கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றுவிட்டார். வாழ்நாளில் யாருக்கும் கடை நேரத்தில் முதுகு காட்டாத மனுஷர் அவர்.

மேடைக்குப் பின்னால் காபிப் பாத்திரமும் அலமாரியும்தான் இருந்தன. க்ளைட் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

முதலில் அசைந்தவர் ஹாஸ்கெல். கிழவர் ஸ்டூலோடு திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் கண் என்ன நிறம் என்பதே அப்போதுதான் வெர்னாவுக்குத் தெரிந்தது.

"தோள் வலிக்குதுன்னானா?"

"இடது தோள். நேத்து ராத்திரியிலேருந்து. படுத்தா கூடுது. மூட்டுல ஒண்ணுமே இல்லை, நான் தேடிப் பார்த்துட்டேன்."

"என்கிட்ட அதைச் சொல்லலியே அவன்."

"உங்ககிட்ட சொல்லமாட்டான், டாக்டர். தோள் எனக்கு, வயிறு உங்களுக்கு. அப்படித்தானே நாம பழக்கி வச்சிருக்கோம்."

ஹாஸ்கெல் தொப்பியை எடுத்தார். க்ளைட் எழுந்தான். வெர்னாவின் முகத்தைப் பார்த்து, எம்.டி. ஆன பிறகு முதல் முறையாக, நேராகக் கேட்டான்.

"நாடி என்ன?"

"நூத்தி முப்பது. கிளம்பு."

ஆஸ்பத்திரி முன்வாசலில் மிஸ் டன்லப் நின்றாள். ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கம் க்ளைட், மறுபக்கம் வெர்னா, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஹாஸ்கெல். டாக்டர் ப்ரூயிட் உள்ளே வரக்கூடாது என்று அவள் ஆரம்பித்தாள். க்ளைட் நிற்காமலே சொன்னான்: எனக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜோடி கை வேணும், இது அந்தக் கை. ஹாஸ்கெல் சொன்னார்: யாராவது கேட்டால் என் பேரைச் சொல்லு. மிஸ் டன்லப் ஒதுங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வெர்னா கை கழுவினாள். அந்தத் தொட்டி, அந்தச் சோப்பு, அந்த விளக்கு, எதுவும் மாறவில்லை. வயிற்றைத் திறந்ததும் ரத்தம் பொங்கியது. க்ளைட்டின் விரல்களுக்கு வழி தெரிந்தது. அவன் எதைக் கேட்பான் என்று அவள் விரல்களுக்கும் தெரிந்தது. எத்தனையோ வருஷம் அந்த விளக்கின் கீழ் எதிரும் புதிருமாக நின்றவர்கள் அல்லவா. ரத்தக் குழாயைக் கட்டி, கிழிந்த மண்ணீரலை எடுத்துத் தட்டில் போட்டான். ஹாஸ்கெல் தலைமாட்டில் உட்கார்ந்து, ரத்தம் ஏறுகிற புட்டியையும் போர்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தம் ஏறுது என்று அவர் சொன்னபோது, க்ளைட் முகமூடிக்குள் ஏதோ முணுமுணுத்தான். என்ன என்றாள் வெர்னா.

"என்னை மன்னிச்சுடுன்னேன்."

"முதல்ல தையல் போடு."

போர்பா பிழைத்தான். கண் விழித்ததும் மாடு கறந்தாயிற்றா என்று கேட்டான். இரண்டாவதாக, இனிமேல் வயிறு யாருக்கு, தோள் யாருக்கு என்று கேட்டான். பிலோமினா அவனை ஒரு முறை முறைத்தாள். அந்தப் பாகப் பிரிவினை அந்த வீட்டில் அன்றோடு ஒழிந்தது.

அந்த மாதக் கமிட்டிக்கு வெர்னா வழக்கம்போல் போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் எழுந்திருக்கும் முன்பே ஹாஸ்கெல் எழுந்தார். தன் விதியைத் தானே மீறிவிட்டதாகவும், சங்கம் தன்னை விலக்குவதானால் விலக்கிக்கொள்ளட்டும் என்றும், டாக்டர் ப்ரூயிட் இல்லாமல் இந்த ஆஸ்பத்திரியில் தான் வேலை பார்க்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். க்ளைட்டும் எழுந்து அதையே சொன்னான். முழுசும் சொல்லி முடித்தான்.

கமிட்டி இறங்கி வந்தது. வெர்னா முன்போலவே நோயாளிகளைச் சேர்க்கலாம், பார்க்கலாம், பிரசவம் பார்க்கலாம். ஒரே ஒரு சின்ன விஷயம் என்று வுட்ரஃப் இழுத்தார். முன்கூடத்துச் சுவரில் டாக்டர்கள் பெயர்ப் பலகை இருக்கிறது; எல்லாப் பெயருக்குப் பின்னாலும் எம்.டி. என்று இருக்கிறது. அவள் பெயரை மட்டும் 'டாக்டர் வெர்னா ப்ரூயிட்' என்று மொட்டையாக எழுதிவிட்டால் யாருக்கும் உறுத்தாது, பார்க்க வருகிற அதிகாரிகளும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

வெர்னாவுக்கு அந்தக் கதவு வேண்டும். ஏழு மாதமாக அதற்காகத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையை ஆட்டிவிட்டால் நாளைக் காலையே முன்வாசல் வழியாகப் போகலாம். பிலோமினாவின் தங்கை நிறைமாதமாக இருக்கிறாள், அவள் பிரசவத்தைத் தன் கையால் பார்க்கலாம். க்ளைட் அவளைப் பார்த்தான். ஒத்துக்கொள்ளேன் என்று அவன் கண் கெஞ்சியது.

"மாட்டேன், லெஸ்டர்" என்றாள்.

வுட்ரஃப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவருக்கும் பொறுமை போய்விட்டது.

"ஏன் டாக்டரம்மா இப்படி ஒத்தைக்கால்ல நிக்கறீங்க? இத்தனை வருஷமா கேக்கணும்னு இருந்தேன், இப்பக் கேக்கறேன். அந்த ரெண்டு எழுத்துக்கும் இந்த ரெண்டு எழுத்துக்கும் என்னதான் வித்தியாசம்?"

கேட்டுக் கேட்டுப் புளித்த கேள்வி. நீள மேஜைப் பதிலும் நாக்குப் பதிலும் அவளிடம் தயாராகவே இருந்தன. அவள் அதையெல்லாம் சொல்லவில்லை.

"கட்டில்ல படுத்திருக்கறவனுக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது."

வுட்ரஃப் நிம்மதியாகச் சிரித்தார். "அதைத்தானே நானும் சொல்றேன். ஒரு வித்தியாசமும் கிடையாது."

"அப்ப என்னோட எழுத்தையே எழுதிடுங்க."

வுட்ரஃபின் சிரிப்பு பாதியில் நின்றது. ஹாஸ்கெல் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு இருமினார். வெர்னா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கிளினிக்கில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். கதவருகே க்ளைட் வந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று நினைவிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டான்.

வெள்ளி என்றாள் அவள். சாப்பாட்டுக்கு வந்துவிடு, ஹார்லன் சீட்டுக்கட்டை வெளியே எடுத்து வைத்திருக்கிறார் என்றாள்.

மறுநாள் காலை அவள் முன்வாசல் வழியாக உள்ளே போனபோது, பெயின்டர் சுவரோரம் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தான். அவள் பெயரை எழுதி முடித்து, அதற்குப் பின்னால் 'டி' எழுதிவிட்டு, 'ஓ'வுக்குத் தூரிகையை முக்கிக்கொண்டிருந்தான். வெர்னா நின்று அதை அவன் எழுதி முடிக்கும்வரை பார்த்துவிட்டு, பிரசவ அறைக்குப் போனாள்.